உதரவிதானம் செயலிழந்தால்: காரணம் தேடுவது முதல் சிகிச்சை, துணை வரை ஒரு முழு வழிகாட்டி

நடக்கும்போது ஓரளவு சமாளித்துவிடுகிறீர்கள். ஆனால் மல்லாந்து படுத்தால் ஒரு நிமிடத்தில் மூச்சு முட்டுகிறது. குனிந்து செருப்பு வாரை மாட்டினால் இரைக்கிறது. மார்பளவு தண்ணீரில் இறங்கினால் நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்ததுபோல இருக்கிறது. இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு வந்தால் நுரையீரலோடும் இதயத்தோடும் நிறுத்திக்கொள்ளாமல் உதரவிதானத்தையும் சந்தேகப்பட வேண்டும். நடைமுறையில் இந்தச் சந்தேகம் கடைசியில்தான் வருகிறது. ஆஸ்துமா என்று இன்ஹேலர், இதயம் என்று எக்கோ, பதற்றம் என்று மாத்திரை, எடையைக் குறையுங்கள் என்று அறிவுரை. எல்லாம் முடிந்த பிறகு யாரோ ஒரு மருத்துவர் பழைய மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "இந்தப் பக்கம் மேலே ஏறியிருக்கிறதே" என்பார்.

அதற்கப்புறம் என்ன செய்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. இந்தப் பிரச்சினையில் எடுக்கும் எந்த முடிவும் மூன்று கேள்விகளைச் சுற்றியே நிற்கும். ஒரு பக்கமா, இரண்டு பக்கமுமா? ஏன் வந்தது? எவ்வளவு காலமாக இருக்கிறது? எந்த மருத்துவர் முன் உட்கார்ந்தாலும் இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உறுப்பைப் பற்றிக் கொஞ்சம்

உதரவிதானம் என்பது மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் குடைபோலக் கவிந்திருக்கும் தசை. அது சுருங்கிக் கீழே இறங்கும்போது நுரையீரலுக்குள் காற்று புகுகிறது. அமைதியாக மூச்சு விடும்போது பெரும்பங்கு வேலையைச் செய்வது அதுதான். வலது பாதிக்கு ஒரு நரம்பு, இடது பாதிக்கு ஒரு நரம்பு என்று தனித்தனியாக உண்டு. பிரெனிக் நரம்பு என்பது அதன் பெயர். கழுத்தில் மூன்று, நான்கு, ஐந்தாவது நரம்பு வேர்களில் புறப்பட்டு, இதயத்தை ஒட்டி நீண்ட தூரம் இறங்கி வருகிறது. இந்த நீண்ட பாதையில் எங்கே அடிபட்டாலும் விளைவு கீழே தெரியும். கழுத்தில் நடந்த ஒரு சிகிச்சைக்கும் உங்கள் மூச்சுக்கும் தொடர்பு இருக்கலாம் என்பது இதனால்தான்.

இன்னொரு விஷயம். கனவு காணும் தூக்கத்தில் கழுத்துத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளும் தளர்ந்துவிடும். அப்போது மூச்சு முழுக்க உதரவிதானத்தை நம்பித்தான் ஓடுகிறது. பகலில் எல்லாம் சரியாக இருப்பவருக்கும் இரவில் பிரச்சினை வருவதன் காரணம் இது.

எப்போது நேராக அவசரப் பிரிவுக்கு?

ஒரு முழு வாக்கியம் பேசி முடிக்க முடியாத அளவுக்கு இரைப்பு, உதடு நீலம் பாய்வது, எழுப்பினாலும் சரியாக விழிக்காத மயக்கத் தூக்கம், குழப்பமான பேச்சு, சில நாட்களுக்குள் வேகமாகக் கூடும் மூச்சுத் திணறல், அதோடு கை கால் பலவீனமோ விழுங்கச் சிரமமோ. இவற்றில் ஒன்று இருந்தாலும் கட்டுரையை மூடிவிட்டுக் கிளம்புங்கள். கில்லன்-பாரே, மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நோய்கள் மூச்சுத் தசைகளைத் தாக்கினால் நிலைமை சில மணி நேரத்தில் மாறிவிடலாம்.

முதல் படி: வீட்டிலேயே குறிப்பு எடுப்பது

மருத்துவரைப் பார்க்கும் முன் ஒரு வாரம் எழுதி வையுங்கள். எத்தனை தலையணை வைத்தால் தூங்க முடிகிறது? எந்தப் பக்கம் படுத்தால் மோசம்? காலையில் தலைவலியோடு எழுகிறீர்களா? பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குகிறதா? வயிறு நிறையச் சாப்பிட்டால் இரைப்பு கூடுகிறதா?

அப்புறம், வயிற்றைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு மேலே எழும்ப வேண்டும். இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்குப் படுத்த நிலையில் மூச்சை இழுக்க இழுக்க வயிறு உள்ளே போகும். வீட்டில் ஒருவரை விட்டு அரை நிமிடம் செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் விளக்கிச் சொல்வதைவிட அந்த அரை நிமிடம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும். ஆனால் படுக்கவே முடியாதவரை வீடியோவுக்காகக் கட்டாயப்படுத்திப் படுக்க வைக்காதீர்கள்.

பழைய கதையும் முக்கியம். இதய அறுவை, கழுத்து அறுவை, நுரையீரல் அறுவை, கழுத்தைத் திருகிய சிகிச்சை, விபத்து, கழுத்து எலும்புத் தேய்மானம், அக்கி ஆகியவற்றில் எது எந்த மாதம் வந்தது என்று எழுதுங்கள். குறிப்பாக ஒன்று. மூச்சுப் பிரச்சினை தொடங்குவதற்குச் சில நாட்களோ வாரங்களோ முன்பு, காரணமே இல்லாமல் தோளில் தாங்க முடியாத வலி வந்து போனதா? அப்படி வந்திருந்தால் தோள் பகுதி நரம்புக் கொத்தில் அழற்சி வந்து போயிருக்கலாம். பார்சனேஜ்-டர்னர் என்று சொல்வார்கள். வலி அடங்கியதும் ஆள் அதை மறந்துவிடுவார். மருத்துவர் கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்.

இரண்டாம் படி: யாரைப் பார்ப்பது

தொடக்கம் நுரையீரல் மருத்துவரிடம் இருக்கட்டும். அவர் செயலிழப்பை உறுதி செய்த பிறகு நரம்பியல் மருத்துவர் தேவை, ஏனென்றால் "ஏன்" என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அவர் பக்கம்தான் கிடைக்கும். நரம்பு-தசை நோய்களுக்கென்று தனிப் பிரிவு இருக்கும் பெரிய மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருந்தால் அங்கே போவது அலைச்சலைக் குறைக்கும். மார்பு அறுவை நிபுணரிடம் நேராக முதலில் போக வேண்டாம் என்பது என் கருத்து. காரணம் தெரியும் முன்பே அறுவையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பேச்சு அந்தப் பக்கமே போய்விடும்.

மூன்றாம் படி: சோதனைகள்

மார்பு எக்ஸ்ரேயில் ஒரு பக்கம் ஏறியிருப்பது ஒரு துப்பு மட்டும்தான். இயல்பாகவே வலது பக்கம் இடதைவிட ஒன்றிரண்டு செ.மீ. உயரமாகத்தான் இருக்கும். நுரையீரல் சுருங்கினாலும் கல்லீரல் வீங்கினாலும் படம் அப்படியே தெரியும். அசைகிறதா என்று பார்த்தால்தான் தெரியும்.

அசைவைப் பார்க்கும் பழைய வழி, அசைவைப் படமாக ஓடவிட்டுக் காட்டும் எக்ஸ்ரேயின் (ஃப்ளூரோஸ்கோபி) முன் நின்று மூக்கால் சட்டென்று உறிஞ்சுவது. நல்ல பக்கம் கீழே இறங்கும், செயலிழந்த பக்கம் மேலே ஏறும். ஒரு பக்கப் பிரச்சினைக்கு இது நன்றாக வேலை செய்யும். இரண்டு பக்கமும் செயலிழந்திருந்தால் ஒப்பிட நல்ல பக்கமே இல்லாததால் ஏமாற்றிவிடும்.

அல்ட்ராசவுண்ட் இப்போது பரவலாகிவருகிறது. கதிர்வீச்சு இல்லை, படுக்கை அருகிலேயே செய்யலாம். மூச்சை இழுக்கும்போது தசை தடிக்க வேண்டும். தடிக்கும் அளவு 20 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் செயலிழப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். சில மாதம் கழித்துத் திரும்பச் செய்து மீட்சி இருக்கிறதா என்று பார்க்கவும் இது உதவும்.

நீங்கள் வாய்விட்டுக் கேட்டு வாங்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. குழாயில் ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரியை உட்கார்ந்தும் படுத்தும் இரண்டு முறை செய்வது. வழக்கமாக உட்கார வைத்து மட்டும் ஊதச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். நல்ல உடல்நிலை உள்ளவருக்குப் படுத்ததும் கொள்ளளவு 10 சதவீதத்துக்குள்தான் குறையும். 30 சதவீதமோ அதற்கு மேலோ சரிந்தால் இரண்டு பக்கமும் பலவீனம் என்ற சந்தேகம் வலுக்கும். கருவியும் அதே, ஊதுவதும் அதே, படுக்க ஒரு கட்டில் மட்டும்தான் கூடுதலாகத் தேவை. இவ்வளவு எளிய சோதனை இவ்வளவு அடிக்கடி விட்டுப்போவது வருத்தம்தான்.

இதோடு உள்ளிழுக்கும் தசைகளின் பலத்தை அளக்கும் சோதனை, பிரெனிக் நரம்பில் மின்துடிப்பு கொடுத்துப் பார்க்கும் சோதனை, உதரவிதானத்தில் ஊசி வைத்துத் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் இஎம்ஜி ஆகியவை இருக்கின்றன. நரம்பு முழுதும் செத்துவிட்டதா, அதில் உயிர் மிச்சமிருக்கிறதா என்று சொல்வது இந்தக் கடைசி இரண்டும்தான்.

காரணம் தேட, கழுத்திலிருந்து மேல்வயிறு வரை சிடி ஸ்கேன் எடுப்பார்கள். நரம்பின் பாதையில் கட்டியோ வீங்கிய நிணநீர்க் கணுவோ அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். நுரையீரல் புற்றுநோய் சிலருக்கு இப்படித்தான் முதலில் தலைகாட்டும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. கழுத்துக்கு எம்ஆர்ஐ, ரத்தத்தில் தைராய்டு, தசை நொதி, மயஸ்தீனியாவுக்கான எதிர்ப்புரதம் ஆகியவையும் வரிசையில் வரும். தசையைப் பலவீனமாக்கும் பரம்பரை நோயான பாம்ப் (Pompe) நோய் பெரியவர்களுக்குத் தாமதமாக வெளிப்படலாம், அதையும் கேட்டுப் பாருங்கள். அரிய நோய்தான். ஆனால் 2006 முதல் நொதி மாற்று சிகிச்சை இருப்பதால் கண்டுபிடித்தால் பலன் உண்டு. எல்லாம் செய்தும் காரணம் தெரியாமலே போகிறவர்கள் கணிசம். அதை மருத்துவரின் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

"ஆக்சிஜன் 97 இருக்கே!"

விரலில் மாட்டும் கருவி 97 காட்டுகிறது, அதனால் ஒன்றுமில்லை என்று வீட்டிலும் சொல்வார்கள், சில சமயம் மருத்துவமனையிலும் சொல்வார்கள். இங்கே சிக்கல் வேறு. காற்றை உள்ளே இழுக்கும் பம்பு பலவீனமானால் முதலில் தேங்குவது கரியமில வாயு. அந்தக் கருவி அதை அளக்காது. பகலில் விழித்திருக்கும்போது எடுத்த எண் இரவைப் பற்றி எதுவும் சொல்லாது. காலைத் தலைவலி, பகல் தூக்கம், மறதி இருந்தால் ரத்த வாயு சோதனையும், கரியமில வாயுவையும் சேர்த்து அளக்கும் தூக்க ஆய்வும் கேளுங்கள்.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். மூச்சுத் தசை பலவீனமானவருக்கு வெறும் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் எண் அழகாகிவிடும், கரியமில வாயு உள்ளே ஏறிக்கொண்டே போகலாம். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைத்து நாமே வைத்துப் பார்ப்பது ஆபத்து.

நான்காம் படி: காத்திருக்கும் காலத்தை வீணாக்காமல் இருப்பது

ஒரு பக்கம் மட்டும் செயலிழந்து, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் பெரும்பாலும் சிகிச்சையே தேவைப்படாது. வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். காரணத்தைத் தேடிவிட்டு, கண்காணித்தால் போதும்.

தொந்தரவு இருப்பவர்களும் காத்திருக்க வேண்டியிருக்கும். நரம்பு அதிர்ச்சியில் உறங்கியிருந்தால் வாரங்களிலோ சில மாதங்களிலோ திரும்பலாம். இழை அறுந்து புதிதாக வளர வேண்டுமென்றால் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மி.மீ. என்ற வேகம்தான். கழுத்திலிருந்து ஒரு அடி தூரம் என்று வைத்துக்கொண்டாலும் 10 மாதம் ஆகிறது. தோள் வலியோடு வந்தவர்களுக்கு மீட்சி இரண்டு மூன்று ஆண்டுகள்கூட இழுக்கலாம்.

இந்தக் காலத்தில் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. மூன்றாவது மாதமே பொறுமையிழந்து அறுவைக்கு ஓடுவது ஒன்று. "தானாகச் சரியாகும்" என்று ஒரே வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மூன்று ஆண்டுகளைக் கழிப்பது இன்னொன்று. நரம்பைச் சரிசெய்யும் அறுவைக்குக் காலக்கெடு உண்டு. துடிப்பு வராத தசை நாளாக நாளாக மெலிந்து கொழுப்பாகிவிடும். அப்புறம் நரம்பை ஒட்டவைத்தும் பயனில்லை. அதனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அல்ட்ராசவுண்டும் படுத்து ஊதும் சோதனையும் செய்து, எண்களை ஒரே தாளில் வரிசையாக எழுதி வாருங்கள்.

காத்திருக்கும்போது செய்யக்கூடியவை உண்டு. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள். தலையணையை மட்டும் அடுக்கினால் கழுத்துதான் மடங்கும், அதனால் இடுப்பிலிருந்து மேல்பகுதி முழுதும் சாய்ந்திருக்க வேண்டும். வயிறு முட்டச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். தொப்பை இருந்தால் எடை குறைப்பது உண்மையிலேயே பலன் தரும், அது வெறும் வாய் உபதேசம் இல்லை. மூச்சை எதிர்ப்புக்கு எதிராக இழுக்கும் சிறு கருவியால் செய்யும் பயிற்சி, மிச்சமிருக்கும் தசைகளுக்கு உதவலாம். ஆனால் தசைகளை இயக்கும் நரம்புகள் படிப்படியாகச் சாகும் ஏஎல்எஸ் போன்ற முற்றும் நோயிலும் மயஸ்தீனியாவிலும் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடங்கக் கூடாது. தூக்க மாத்திரையும் மதுவும் வேண்டவே வேண்டாம். தனியாக நீச்சலுக்குப் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: இரவுக்கு ஒரு கருவி

இரண்டு பக்கமும் செயலிழந்தவர்களுக்குப் பெரும் மாற்றம் தருவது முகமூடி வழியாகக் காற்றைத் தள்ளும் பைபாப். மூச்சை இழுக்கும்போது அழுத்தத்தைக் கூட்டி, விடும்போது குறைத்து, தசையின் வேலையில் ஒரு பகுதியைக் கருவி ஏற்றுக்கொள்ளும். சிபாப் என்பது வேறு. அது ஒரே அழுத்தத்தைக் கொடுத்துத் தொண்டையைத் திறந்து வைக்குமே தவிர, பலவீனமான தசைக்குத் தோள் கொடுக்காது. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றி வாங்கிவிட்டு அவதிப்படுகிறவர்கள் உண்டு.

எப்போது தொடங்குவது? பகலில் ரத்தத்தில் கரியமில வாயுவின் அழுத்தம் 45 mmHgஐத் தாண்டுவது, இரவில் ஆக்சிஜன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ ஐந்து நிமிடம் தொடர்ந்து நிற்பது, மூச்சுக் கொள்ளளவு எதிர்பார்க்கும் அளவில் பாதிக்குக் கீழே போவது ஆகியவை பொதுவாகப் பார்க்கப்படும் எல்லைகள்.

முதல் இரண்டு வாரம் கஷ்டம்தான், முன்பே சொல்லிவிடுகிறேன். மூக்கு வறளும், கன்னத்தில் தடம் விழும், காற்று வயிற்றுக்குள் போய் உப்பும், நடு இரவில் முகமூடியைக் கழற்றி எறிந்திருப்பீர்கள். பகலில் உட்கார்ந்த நிலையில் அரை மணி நேரம் மாட்டிப் பழகுங்கள். கசிந்தால் வாரை இன்னும் இறுக்காதீர்கள், வேறு அளவு முகமூடி கேளுங்கள். ஈரப்பதம் சேர்க்கும் பகுதியில் தினமும் தண்ணீரை மாற்றுங்கள். மின்சாரம் போனால் கருவி எத்தனை மணி நேரம் ஓடும் என்பதை வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். பழகியவர்கள் சொல்வது, பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாகத் தலைவலி இல்லாமல் விடிந்த காலையைத்தான்.

ஆறாம் படி: அறுவை, யாருக்கு எது

மூன்று வகை இருக்கின்றன. மூன்றும் மூன்று வகை ஆட்களுக்கு.

முதல் வகை, தொளதொளத்துப் போன பாதியை மடிப்பு வைத்துத் தைத்துக் கீழே இறக்குவது. பிளைகேஷன் என்பார்கள். மார்பில் சிறு துளைகள் வழியாகவோ வயிறு வழியாகவோ செய்யலாம். செயலிழந்த பாதி ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே உறிஞ்சப்பட்டு, நல்ல பக்கத்தின் உழைப்பை வீணாக்குகிறது. இறுக்கித் தைத்துவிட்டால் அந்த வீணடிப்பு நிற்கும், நுரையீரலுக்கும் இடம் கிடைக்கும். ஆனால் தைத்த பாதி அசையாது. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டு மேசையில் ஏறுங்கள். ஒரு பக்கம் மட்டும் பாதிப்பு, அன்றாட வாழ்க்கை முடங்கும் அளவுக்கு இரைப்பு, ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை பார்த்தும் மீட்சி இல்லை என்பவர்களுக்கு இது. அதிக உடல் பருமன் இருந்தாலோ நரம்பு-தசை நோய் முற்றிக்கொண்டே போனாலோ பலன் குறைவு.

கைக்குழந்தைகளுக்குக் கணக்கு வேறு. பிரசவத்தில் கழுத்து இழுபட்டோ, இதய அறுவைக்குப் பிறகோ அவர்களுக்கு இது வரும். விலா எலும்பு மென்மை, படுத்தே இருக்கும் வயது. வென்டிலேட்டரிலிருந்து எடுக்க முடியாமல் போனால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் சீக்கிரமே தைக்க முடிவெடுப்பார்கள்.

இரண்டாம் வகை, நரம்பைச் சரிசெய்வது. அழுத்தும் தழும்பை விடுவிப்பார்கள், அல்லது கெண்டைக்காலிலிருந்து ஒரு உணர்வு நரம்பை எடுத்து நடுவில் ஒட்டுவார்கள். இதில் அனுபவம் உள்ள இடங்கள் மிகக் குறைவு. அசைவைத் திரும்பக் கொண்டுவரும் நோக்கம் கொண்டது என்பதுதான் இதன் ஈர்ப்பு. பலன் தெரிய மாதங்கள், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

மூன்றாம் வகை பேசிங். மின்துடிப்பு கொடுத்து உதரவிதானத்தைச் சுருங்க வைப்பது. 1960களில் யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் கிளென் இதற்கு வழிகாட்டினார். கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதியில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கும், மூளை மூச்சு விட மறக்கும் பிறவிக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பெரிய வரம். நிபந்தனை ஒன்றுதான், பிரெனிக் நரம்பு உயிரோடு இருக்க வேண்டும். நரம்பே செத்தவருக்குத் துடிப்பை எங்கே கொடுப்பது? ஏஎல்எஸ் நோயாளிகளுக்கு உதவும் என்று நம்பிச் செய்த பிரிட்டிஷ் ஆய்வு 2015இல் வெளியானது. கருவி பொருத்தியவர்கள் குறைந்த காலமே வாழ்ந்தார்கள் என்பது அதன் முடிவு. "புதுக் கருவி இருக்கிறது" என்று கேட்டவுடன் ஓடாதீர்கள்.

அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டியவை இவை:

- இதை இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?
- என் நரம்பில் உயிர் இருக்கிறதா என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?
- இப்போது செய்யாமல் ஆறு மாதம் தள்ளினால் எனக்கு என்ன இழப்பு?
- பலன் இல்லாவிட்டால் அடுத்த வழி என்ன?

ஏழாம் படி: உடன் இருப்பவர்கள், அன்றாட வாழ்க்கை

பர்ஸில் ஒரு அட்டை வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் செயலிழந்தது, எந்தக் கருவி, என்ன அழுத்த அளவு, மல்லாந்து படுக்க வைக்கக் கூடாது, ஆக்சிஜனைக் கவனித்துக் கொடுக்கவும் என்று எழுதியிருக்கட்டும். எந்த மயக்க மருந்துக்கு முன்பும், பல் மருத்துவரின் சாய்வு நாற்காலியில் உட்காரும் முன்பும் அதைக் காட்டுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தோள் அறுவைக்காகக் கழுத்தில் போடும் மரப்பு ஊசி, அந்தப் பக்க உதரவிதானத்தைச் சில மணி நேரத்துக்குச் செயலிழக்க வைப்பது மிகச் சாதாரணம். நல்ல உடல்நிலை உள்ளவர் தாங்கிக்கொள்வார். இடது பக்கம் ஏற்கனவே செயலிழந்தவருக்கு வலது தோளில் அந்த ஊசி போட்டால் இரண்டு பக்கமும் நின்றுவிடும்.

சளி பிடித்தால் சாதாரணமாக விடாதீர்கள். ஆழமாக மூச்சை இழுக்க முடியாதவருக்கு இருமலில் வேகம் வராது. இருமலின் வேகத்தை நிமிடத்துக்கு 270 லிட்டர் என்ற எல்லையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதற்குக் கீழே இருந்தால், மூச்சின் மேல் மூச்சாக அடுக்கி இருமும் முறையையோ, இருமலுக்கு உதவும் கருவியையோ பிசியோதெரபிஸ்டிடம் முன்கூட்டியே கற்றுக்கொள்ளுங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல இருக்கலாம், அதனால் பயணத்துக்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

இந்தப் பிரச்சினைக்கு மட்டும் என்று குழுக்கள் குறைவு. நரம்பு-தசை நோய், தண்டுவடக் காயம், வீட்டு வென்டிலேட்டர் பயன்படுத்துவோர் ஆகியோரின் குழுக்களில் தேடுங்கள். முகமூடித் தடம், கருவியோடு பயணம், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதும் கடிதம் என்று அங்கே கிடைக்கும் அனுபவம் மருத்துவமனையில் கிடைக்காது. எந்த அறுவை செய்துகொள்ளலாம் என்பதை மட்டும் அங்கே முடிவு செய்யாதீர்கள், அவர் காரணம் வேறு, உங்கள் காரணம் வேறு.

வெளியே பார்க்க நன்றாக இருப்பது இந்த நோயின் ஒரு தொல்லை. நின்று பேசுகிறார், நடக்கிறார், அப்புறம் என்ன என்று தோன்றும். நம்ப மறுக்கும் உறவினரை ஒரு முறை மருத்துவரிடம் கூட்டிப்போய் அந்த அல்ட்ராசவுண்டைப் பார்க்க வையுங்கள். ஒரு பாதி அசைவதும் மறு பாதி சும்மா கிடப்பதும் திரையில் அப்படியே தெரியும். வேலையிடத்தில் குனிவது, தூக்குவது, மேடேறுவது ஆகியவற்றைக் குறைக்கும்படி மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக் கொடுங்கள்.

துணைக்கு இருப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியவை மூன்று. முகமூடியை இருட்டில் மாட்டத் தெரிய வேண்டும், கருவியின் அலாரம் எதற்கு அடிக்கிறது என்று தெரிய வேண்டும், எழுப்பினால் வழக்கம்போல விழிக்கிறாரா என்று கவனிக்கத் தெரிய வேண்டும். காலைத் தலைவலி திரும்பினாலோ பகல் தூக்கம் கூடினாலோ அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல் கருவியையும் அந்த எண்கள் எழுதிய தாளையும் எடுத்துக்கொண்டு அன்றே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும்.